அலைன்மென்ட் பேயில் புதிதாகச் சேர்ந்தவருக்கு

டயர் கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ சேர்ந்ததும் உங்களை வீல் அலைன்மென்ட் பேயில் நிறுத்திவிட்டார்களா? திரையில் சிவப்பாகத் தெரியும் எண்ணைப் பச்சையாக்கினால் போதும் என்பார்கள். அதைச் சீக்கிரமே பழகிவிடலாம். வண்டி மெஷினில் ஏறுமுன் எதையெல்லாம் பார்க்கிறீர்கள் என்பதில்தான் தொழில் இருக்கிறது.

கோணங்கள் மூன்று. முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். பக்கவாட்டில் பார்த்தால், சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு காஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதில் இதற்குப் பெரிய பங்கு. மேலிருந்து பார்த்தால், சக்கரங்களின் முன்பக்கம் ஒன்றையொன்று நெருங்கியோ விலகியோ நிற்பது டோ.

சின்ன கார்கள் பலவற்றில் நீங்கள் சுலபமாக மாற்றக்கூடியது முன்சக்கர டோ மட்டுமே. டயரை அதிகம் தின்பதும் அதுதான். ஒரு சக்கரம் ஓடும் திசையிலிருந்து 1 டிகிரி திரும்பி நின்றால், கிலோமீட்டருக்குச் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் உரசியபடியே போகிறது. திரையில் 10 நிமிடம் என்று காட்டும் அற்பப் பிழைகூட (1 டிகிரிக்கு 60 நிமிடம்) கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 மீட்டர். புது டயர் இவ்வளவு சீக்கிரம் எப்படி மொட்டையானது என்று சண்டைக்கு வருபவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

டயரைக் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பு, எதிர்ப்பக்கம் ரம்பம்போல் குத்தல் என்றால் டோ. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகியுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு தேய்ந்தால் அதிகம்.

காற்றைச் சரிசெய்த பிறகு வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டுங்கள். பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், பேரிங் எதிலாவது ஆட்டம் இருந்தாலோ, லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தாலோ அலைன்மென்ட் செய்யாதீர்கள். அடுத்த பள்ளத்தில் அளவு மாறும், பழி உங்கள் தலையில் விழும். முதலாளி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஸ்டியரிங்கை நேராகப் பூட்டிய பிறகே டை ராடில் ஸ்பேனர் வையுங்கள். இல்லாவிட்டால் திரையில் பச்சை, ஓட்டுபவர் கையில் கோணல். லாக் நட்டை இறுக்கியதும் அளவை மறுபடி பாருங்கள், இறுக்கும்போதே நகர்ந்திருக்கும்.

"வண்டி ஆடுது" என்று வருபவரிடம் எந்த வேகத்தில் என்று கேளுங்கள். 80ஐத் தாண்டினால் மட்டும் ஸ்டியரிங் அதிர்கிறது என்றால் பெரும்பாலும் பேலன்சிங். "இடது பக்கம் இழுக்குது" என்றால் ரோட்டையும் யோசியுங்கள். மழைநீர் வடிய ஓரம் சரிவாகத்தான் போடுகிறார்கள். இடப்பக்கம் ஓட்டும் நமக்கு லேசான இழுப்பு இயல்பு. அளவெல்லாம் சரியாக இருந்தும் பலமாக இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். ஒரே திசையில் உருளும்படி அம்புக்குறி போட்ட டயர் என்றால் இந்த வித்தை வேண்டாம்.

வேலைக்கு முந்தைய அளவும் பிந்தைய அளவும் உள்ள தாளை வண்டிக்காரரிடம் விளக்கிக் கொடுங்கள். மாற்ற வழியில்லாத பின்சக்கர அளவு சிவப்பிலேயே நின்றால் நீங்களே காட்டிவிடுங்கள். வீட்டுக்குப் போய் அவரே கண்டுபிடித்தால் அடுத்த முறை வேறு கடைக்குத்தான் போவார்.