தாதியரும் நாமும்

சிராங்கூன் ரோட்டிலும் அதன் கிளைத் தெருக்களிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் ஆஸ்பத்திரிப் படியை மிதியாதவர் அநேகமாக இரார். நம் பேட்டைக்கு ஒரு பக்கம் கண்டாங் கெர்பாவ், மறு பக்கம் டான் டோக் செங். பிள்ளை பிறந்தால் அங்கே, பெரியவர் விழுந்தால் இங்கே என்று ஆண்டுக்கு ஒரு முறையேனும் போய்வருகிறோம். போய்வந்தபின் டாக்டரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோம். தாதியைப் பற்றிக் கேட்டாலோ, “மிஸ்ஸி நல்ல மாதிரி” அல்லது “மிஸ்ஸி கொஞ்சம் கடுகடுப்பு” என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவோம். அத்தொழிலின் உள் விவகாரம் என்ன என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் பெயர். தமிழகத்தில் செவிலியர் என்பார்கள். சிங்கப்பூர்ப் பத்திரிகைத் தமிழில் தாதி. நம் வாய்க்குப் பழக்கமானது மிஸ்ஸி. சிஸ்டர் என்று அழைப்போரும் உண்டு. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1885ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி, கான்வெண்டைச் சேர்ந்த பிரெஞ்சு கன்னியாஸ்திரீகள் சிப்பாய் லைன்ஸ் பொது ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார்கள். இந்நாட்டில் தாதித் தொழில் அன்று தொடங்கியதாகக் கொண்டு, ஆகஸ்ட் முதல் தேதியே இங்கு தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. சிப்பாய் லைன்ஸ் என்ற பெயரும் இந்தியச் சிப்பாய்கள் அங்கே முகாமிட்டிருந்ததால் வந்ததுதான்.

டான் டோக் செங் யார் என்பதை வியாபாரிகளாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மலாக்காவில் பிறந்து, இங்கு வந்து, காய்கறியும் கனியும் கோழியும் விற்றுத் தொழில் தொடங்கி, பின்னர் பெருந்தனவந்தரானவர் அவர். ஏழை நோயாளிகள் தெருவோரம் கிடப்பதைக் கண்டு அவர் கொடுத்த பொருளைக் கொண்டு 1844இல் பேர்ல்ஸ் ஹில்லில் அந்த ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டது. நம் பேட்டைக்கு அருகே இன்றுள்ள இடத்துக்கு அது 1909இல் வந்தது. கண்டாங் கெர்பாவின் கதை வேறு. மலாயில் அதன் பொருள் எருமைத் தொழுவம். தேக்கா வட்டாரம் மாட்டு வியாபாரத்துக்குப் பேர்போன காலத்தின் ஞாபகம் அது. 1924இல் பிரசவ ஆஸ்பத்திரியாக ஆகி, 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் அங்கு பிறந்தன. நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல்! உலகில் வேறெந்தப் பிரசவ ஆஸ்பத்திரியிலும் அவ்வளவு இல்லை என்று பெயரெடுத்தது. எருமைத் தொழுவத்தில் பிறந்தேன் என்று சொல்லிச் சிரிக்கும் பெரியவர்கள் நம்மிடையே ஏராளம். அத்தனை குழந்தைகளையும் கையில் ஏந்தியவர்கள் பெரும்பாலும் மருத்துவச்சிகளும் தாதியரும்தாம்.

நிற்க, இது ஏதோ வெள்ளைக்காரர் கொண்டுவந்த தொழில் என்று நினைப்போர் நம்மில் உண்டு. 1854இல் கிரீமியா யுத்தத்தின்போது புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் துருக்கி நாட்டு ஸ்கூத்தாரிப் படைவீட்டில் செய்த சேவையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. காயத்தினால் மாண்டவர்களைவிட அசுத்தத்தால் பரவிய வியாதிகளில் மாண்டவர்களே அதிகம் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். ஆயினும் அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு, அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே ஒரு கூடாரம் எழுப்பப்பட்டது. அங்கே காயக்காரர்களைக் கவனித்தவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி. உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள் ஏழு படையெடுப்புகளில் உடன் சென்று, உணவு சமைத்து, காயத்துக்குக் கட்டுப் போட்டு, நோயாளிகளைப் பராமரித்தார்கள். பள்ளிவாசல் முற்றத்திலேயே இடம் பெற்ற தொழிலை நம்மவர் தாழ்ந்ததென்று எண்ணுவது எந்த நியாயம் என்பது நமக்கு விளங்கவில்லை.

இனி வேலைக்கு வருவோம். நம் கடைக் கல்லாவைப் போலவே வார்டிலும் வரவு செலவு உண்டு. இருதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு உள்ளவர் என்ன குடித்தார், எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்று தாதி அளந்து எழுதுகிறார். குடித்தது வரவு, கழித்தது செலவு. வரவு மிஞ்சினால் நீர் உடம்பில் தங்கி, கால் வீங்கி, நுரையீரல் வரை ஏறி மூச்சு முட்டும். இதை அறியாத பாசமுள்ள மகன், பிளாஸ்கில் தே தாரிக் கொண்டுவந்து திரைக்குப் பின்னால் வாப்பாவுக்கு ஒரு குவளை ஊற்றிக் கொடுக்கிறான். கணக்கு உதைக்கிறது. டாக்டர் மருந்தைக் கூட்டுகிறார். நம் கல்லாவில் எழுதாமல் ஒருவன் பத்து வெள்ளி எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

மற்றொன்று பெயர் விசாரணை. மாத்திரை கொடுக்குமுன் ஒவ்வொரு தடவையும் பெயரும் அடையாள எண்ணும் கேட்கிறார்கள்.

“ஐயா, உங்க பேரைச் சொல்லுங்க.”

“காலையிலதானே சொன்னேன் மகளே. மத்தியானத்துக்குள்ளே மாறிப் போயிருமா?”

பெரியவர் சொல்வது வேடிக்கைதான். ஆனால் நம் சமுதாயத்திலே அப்துல் காதர்களும் முஹம்மது இபுறாகீம்களும் எத்தனை பேர்! ஒரே வார்டில் இரண்டு அப்துல் காதர்கள் படுத்திருந்து, ஒருவருக்குச் சர்க்கரை வியாதி, மற்றவருக்கு அது இல்லை என்று வைத்துக்கொள்வோம். இன்சுலின் ஊசி ஆள் மாறினால் சர்க்கரை சடாரென இறங்கி உயிருக்கே ஆபத்து. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என ஐந்தையும் ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும் என்பது அவர்கள் பாடம். ஆகவே பத்தாம் முறை கேட்டாலும் பெயரைச் சொல்லிவிடுவதே நல்லது.

படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறார்களே, அதையும் தொந்தரவென்று முறையிடுவோர் உண்டு. எலும்பு துருத்தி நிற்கும் இடுப்பு, குதிகால் போன்ற இடங்களில் உடம்பின் பாரம் அழுந்திக்கொண்டே இருந்தால் அங்கே இரத்த ஓட்டம் நின்று தோல் வெந்து புண்ணாகும். படுக்கைப் புண் வந்துவிட்டால் ஆற மாதக் கணக்காகும். நடுநிசியில் ஆளை எழுப்பிப் புரட்டும் அந்தக் கைதான் அதைத் தடுக்கிறது. மலஜலம் எடுப்பதும் அந்தக் கைதான். பெற்ற மகனே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வேளையில், முன்பின் அறியாத பிலிப்பீன்ஸ் பெண்ணோ கேரளப் பெண்ணோ ஒன்றும் நடவாதது போலப் பேசிச் சிரித்தபடி துடைத்து, உடை மாற்றி விடுகிறாள். அந்தச் சிரிப்பை அலட்சியம் என்று நினைத்துவிடலாகாது. பெரியவரின் மானத்துக்கு அதுவே போர்வை.

2003ஆம் ஆண்டை நம்மில் பலர் மறந்திரார். சார்ஸ் நோய் பரவியபோது மார்ச் 22ஆம் தேதி முதல் டான் டோக் செங் ஆஸ்பத்திரி அந்நோய்க்கென்றே ஒதுக்கப்பட்டது. நாட்டில் நோய் கண்டவர் 238 பேர், மாண்டவர் 33 பேர். நோய் கண்டவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் ஆஸ்பத்திரி ஊழியர்களே. தாதி அதிகாரி ஹமீதா இஸ்மாயில் அவர்கள் அந்நோய்க்குப் பலியானார்கள். அல்லாஹ் அவர்களுக்கு அருள் புரிவானாக. அதே நாட்களில், சீருடையில் தாதி பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கையை விட்டு எழுந்து போனவர்களும் இந்நகரில் இருந்தார்கள். அவர்களில் நம்மவர் எவரும் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வது கடினம்.

இப்போது, நம் வீடுகளில் மெதுவான குரலில் பேசப்படும் விஷயத்துக்கு வருவோம். உம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, “பெண் தாதி வேண்டும், தமிழ் தெரிந்த தாதி வேண்டும்” என்று நாம் கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை, இயன்றவரை ஏற்பாடு செய்யவும் செய்கிறார்கள். ஆனால் நம் மகள் தாதிப் படிப்புக்குப் போகிறேன் என்றால், “இரவு வேலை, அந்நிய ஆண்களைத் தொட வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்?” என்கிறோம். எல்லாரும் தம் மகளைத் தடுத்துவிட்டால் நம் உம்மாவுக்கு வரும் தாதி எங்கிருந்து வருவாள்? சிகிச்சைக்கு அவசியமான அளவில் தொடுவதை மார்க்கம் அறிந்த பெரியவர்கள் அனுமதித்தே இருக்கிறார்கள். இரவு வேலையோ சிரமம்தான், அதை மறுப்பதற்கில்லை. எனினும் நம் கடையில் நள்ளிரவு வரை நின்று கணக்கு முடிக்கும் நாம், இரவு வேலையைக் குற்றமாகச் சொல்வது எடுபடாது.

முக்காட்டைப் பற்றிய தயக்கம் முன்பு நியாயமாக இருந்தது. பொது ஆஸ்பத்திரிகளில் பணியாற்றிய முஸ்லிம் தாதியர் வேலை நேரத்தில் தூடோங்கைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் அதற்கு மாற்றம் அறிவித்து, அவ்வாண்டு நவம்பர் முதல் தேதியிலிருந்து சீருடையோடு தூடோங் அணிய அனுமதி வந்துவிட்டது. ஆகவே அந்தத் தடை இன்றில்லை.

படிப்புக்கு வழிகள் பல. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தொடங்கலாம். நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மூன்றாண்டு டிப்ளோமா உண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்பும் உண்டு. பையன்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நோயாளியான வாப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்ட ஆண் தாதி ஒருவர் வந்தால், பெரியவர் கூச்சமின்றிக் கையை நீட்டுவார்.