காணி கைவிட்டுப் போனாலும்

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு நாம் இடம்பெயர்ந்தபோது, வெங்காயத் தறையையும் கிணற்றையும் கூடவே கொண்டுவர முடியவில்லை. பழகிய தொழில் மட்டுமே எம்மோடு வந்தது. புகையிலைச் செய்கை ஒன்றையே அறிந்தவர்கள் நிவாரணத்தை நம்பியிருக்க நேர்ந்தது. அது அவர்களின் குற்றமல்ல. ஆனால் கிடுகு பின்னவும் வேலி அடைக்கவும் தெரிந்தவர்களுக்குப் போன இடத்திலும் கூலி கிடைத்தது.

ஆகவே பல தொழில்களைப் பழகுவோம். பழகும்போது மூன்று விடயங்களைக் கவனிப்போம்.

1. வருமானம் வெவ்வேறு மாதங்களில் வரவேண்டும். காலபோக நெல் தை, மாசியில் அறுவடையாகும். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும், பனாட்டுப் போடலாம். கொட்டைகளைப் பாத்தியில் புதைத்தால் மார்கழி, தையில் கிழங்கு கிண்டி ஒடியல் ஆக்கலாம். மாரிக்கு முன் கூரை வேய்வோருக்கு வேலையுண்டு.

2. ஒரு தொழில் மற்றதற்கு உதவ வேண்டும். ஆடு வளர்த்தால் தோட்டத்துக்கு எரு கிடைக்கும். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் பிளக்கைக் கழற்றித் துடைக்கத் தெரிந்தால், பயிர் வாடும் நேரத்தில் திருத்துபவரைத் தேடி அலையத் தேவையில்லை.

3. ஒன்றைச் செவ்வையாகப் பழகியபின் அடுத்ததைத் தொடங்குவோம். நெருக்கமாகப் பின்னாத கிடுகு முதல் மழையிலேயே ஒழுகும். பிறகு எவரும் எம்மை அழைக்கமாட்டார்கள்.

கலந்துரையாடுவோம்: எமது அயலில் யாருக்கு என்ன தொழில் தெரியும்? அவரிடம் எதைப் பழகலாம்? பதிலுக்கு நாம் எதைச் சொல்லிக் கொடுக்கலாம்?

சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளில் இத்தொழில்களும் எம்மோடு வரும்.