ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு. மனசுக்குத் தைரியம் சொல்றது யாரு?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி, தவணை எல்லாம் பேசுகிறோம். உடம்பு வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தது இப்போதுதான். மனசு வலியைப் பற்றி இன்னும் பேச ஆரம்பிக்கவே இல்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது. இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஆபரேஷன் நடக்கும் நாள் வரை ஒரு பெண்ணின் மனசு என்ன பாடுபடுகிறது, அவளுக்கு நாம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

பெரக்கரை நாட்டில் இது நமக்கு வேண்டாத பாடம் இல்லை. சின்ன வயசிலிருந்து விறகுச் சுமை, தண்ணிக் குடம், குச்சிக்கிழங்கு மூட்டை என்று சுமந்து மேடும் பள்ளமும் ஏறி இறங்குகிறவர்கள் நாம். வயசானபின் இடுப்பு மூட்டு தேய்ந்து நொண்டி நடக்கிற அக்காவோ ஆயாவோ பல ஊரிலும் இருக்கிறார்கள். ஆபரேஷன் தேதி குறித்த பிறகும் "நான் வரல, விடுங்க" என்று வீட்டிலேயே படுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

முதலில் ஆபரேஷன் என்ன என்று தெரிந்துகொள்வோம்

ஆட்டுக்கல் குழியில் குழவி உருளுகிறது அல்லவா? நம் இடுப்பு மூட்டும் அது மாதிரிதான். தொடை எலும்பின் மேல்நுனி பந்து போல இருக்கும். இடுப்பு எலும்பில் கிண்ணம் போலக் குழி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அது தேய்ந்து போனால் எலும்போடு எலும்பு உரசும். அடித்தொடையில் வலிக்கும், ராத்திரி புரண்டு படுக்க முடியாது, செருப்பு மாட்டக் குனிய முடியாது.

ஆபரேஷனில் கெட்டுப்போன பந்தை எடுத்துவிட்டு வேறு பந்து வைக்கிறார்கள். கிண்ணத்துக்கும் புது உறை போடுகிறார்கள். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் 1962-ல் உலோகப் பந்தையும் கெட்டியான பிளாஸ்டிக் கிண்ணத்தையும் சேர்த்து இந்த முறையை நிலைநிறுத்தினார். ஆக, இது நேற்று வந்த புது வைத்தியம் இல்லை. 60 வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ளது. வெளிநாடுகளில் எடுத்த கணக்குகளை 2019-ல் தொகுத்துப் பார்த்தபோது, மாற்றிய மூட்டுகளில் 100-க்கு 58 போல 25 வருஷம் வரை நீடித்தது தெரிய வந்தது.

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூட்டுத் தேய்மானத்துக்கான ஆபரேஷன், யோசித்து, தயாராகி, நாள் பார்த்துச் செய்வது. ஆனால் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து போனால் அது அவசரம். அங்கே பயந்து நாள் கடத்தினால், படுத்த படுக்கையில் சளி கட்டும், புண் வரும், உயிருக்கே ஆபத்தாகும். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால் ரத்த ஓட்டம் தடைபடும். அதனால் கட்டுப் போட்டு வைத்தால் கூடும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்து மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பயம் எங்கிருந்து வருகிறது?

பயப்படுவது கோழைத்தனம் இல்லை. படித்தவர், பணக்காரர், ஆண், பெண் எல்லாரும் ஆபரேஷனுக்கு முன் பயப்படத்தான் செய்கிறார்கள். "பயப்படாதே" என்று ஒரு வார்த்தையில் சொன்னால் பயம் போகாது. எதற்குப் பயம் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் தேட வேண்டும். கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்பவை இவை:

"மயக்க ஊசி போட்டா திரும்ப எந்திரிக்க மாட்டேன்."
இந்த ஆபரேஷனைப் பெரும்பாலும் முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்து நடத்துகிறார்கள். நினைவு இருக்கும், மூச்சும் நாமாகவே விடுவோம். பயமாக இருந்தால் கொஞ்சம் தூக்கம் வர மருந்து தரச் சொல்லிக் கேட்கலாம். எந்த ஆபரேஷனிலும் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. கிருமி தொற்றலாம், காலில் ரத்தம் கட்டலாம், மூட்டு நழுவலாம். ஆனால் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளில் தேய்மானத்துக்காக மூட்டு மாற்றியவர்களில், 90 நாளுக்குள் இறந்தவர்கள் 2003-ல் 1000 பேருக்குச் சுமார் 6 பேர். 2011-ல் அது 3 பேராகக் குறைந்தது. நம் உடம்புக்கு எவ்வளவு ஆபத்து என்பதை இருதயம், சர்க்கரை, ரத்த அளவு பார்த்து டாக்டர் சொல்வார். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

"முதுகுல ஊசி போட்டா காலம்பூரா முதுகு வலிக்கும்."
ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். சிலருக்குத் தலைவலி வரும், சரியாகிவிடும். காலம்பூரா முதுகுவலிக்கு அந்த ஊசி காரணம் இல்லை.

"செத்தாலும் நாங்க பொறுப்பில்லைன்னு கையெழுத்து வாங்குறாங்களாமே?"
அந்தப் படிவத்துக்கு அர்த்தம் அது இல்லை. என்ன ஆபரேஷன், என்ன நன்மை, என்ன ஆபத்து என்று உங்களுக்கு விளக்கிச் சொல்லி, நீங்கள் சம்மதித்தீர்கள் என்பதற்கான எழுத்து அது. தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரிந்த பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள்.

"இந்த வயசுல எனக்கு எதுக்கு?"
இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் தாயாருக்கு 1995-ல் இடுப்பு மூட்டு மாற்றினார்கள். அப்போது அவருக்கு வயசு 95. 1998-ல் கீழே விழுந்து அடுத்த பக்கமும் மாற்ற வேண்டி வந்தது. அதன் பிறகு 2002 வரை, 101 வயசு வரை இருந்தார். அவர் அரண்மனைக்காரர், நாம் மலைக்காரர்கள்தான். ஆனால் வயசு மட்டுமே தடை இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

"கீழ உக்கார முடியாது, காட்டுக்குப் போக முடியாது. அப்புறம் நான் எதுக்கு?"
இதுதான் பெரிய பயம். பயம் என்பதை விட துக்கம் என்றே சொல்லலாம். இதைத் தனியாகப் பார்ப்போம்.

பயம் துக்கமாக மாறும்போது

சம்மணம் போட்டு உட்கார்ந்து சாமை புடைத்தவள், குத்துக்கால் வைத்து அடுப்பு ஊதியவள், பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவள். அவளிடம் "இனிமே நாற்காலிதான், கக்கூஸும் உயரமா இருக்கணும்" என்றால் மனசு உடையத்தான் செய்யும். குனிஞ்சு வேலை செய்ய முடியாதவளை வீட்டில் யார் மதிப்பார்கள் என்று தோன்றும். மூட்டு நழுவாமல் இருக்க, டாக்டர் சொல்லும் காலம் வரை சம்மணம், குத்துக்கால், கால் மேல் கால் போடுவது இவை கூடாது என்பது உண்மைதான். சிலருக்கு அது நிரந்தரமாகவும் இருக்கும். இதை மறைத்துத் தைரியம் சொல்வது சரியில்லை. ஆனால் இன்னொன்றும் உண்மை. இப்போதே அவளால் அந்த வேலைகளைச் செய்ய முடியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வலி இல்லாமல் நடக்கலாம், பஸ் ஏறலாம், சந்தைக்குப் போகலாம், நாற்காலியில் உட்கார்ந்து மிளகு ஆயலாம், கூட்டத்துக்கும் வரலாம்.

வலி தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் இல்லாவிட்டால் மனசு சோரும். மனசு சோர்ந்தால் அதே வலி இரண்டு மடங்காகத் தெரியும். கீழ்க்கண்டவை இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இருந்தால் அது சாதாரணக் கவலை இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம்:

- சாப்பாடு பிடிக்காமல் போவது, விடியற்காலையிலேயே முழிப்பு வந்து தூங்க முடியாமல் கிடப்பது
- காரணமில்லாமல் அழுகை, எரிச்சல்
- பேரப்பிள்ளை வந்தாலும் சந்தோஷம் இல்லாமல் இருப்பது
- கூட்டத்துக்கு வராமல், யாரையும் பார்க்காமல் இருப்பது
- "நான் எல்லாருக்கும் பாரம்", "போய்ச் சேந்தா நல்லது" என்று பேசுவது

கடைசியாகச் சொன்ன பேச்சு வந்தால் கிழவி புலம்புகிறாள் என்று தள்ளிவிடாதீர்கள். தனியாக விடாமல் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்தால் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பார்க்க வழி கேளுங்கள். மனசுக்கு மருந்து சாப்பிடுவது பைத்தியம் என்று அர்த்தம் இல்லை. ஆபரேஷன் டாக்டரிடமும் இதைச் சொல்லுங்கள். மனசு தேறி வந்தால் உடம்பும் சீக்கிரம் தேறும்.

அந்த அக்கா தானே செய்துகொள்ளக் கூடியவை

1. கேள்விகளைப் பேரப்பிள்ளையை விட்டு ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை நாள் ஆஸ்பத்திரி? எப்போது நடக்க விடுவார்கள்? ரத்தம் ஏற்பாடு செய்யணுமா? டாக்டரைப் பார்த்ததும் மறந்துபோகும், தாள் மறக்காது.

2. மூச்சுப் பயிற்சி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்து, நாலு எண்ணும் வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடவும். காலை, மாலை பத்துத் தடவை. நெஞ்சு படபடக்கும்போதும் செய்யலாம்.

3. டாக்டர் சொன்ன கால் பயிற்சியை முன்கூட்டியே பழகவும். கைத்தடி அல்லது வாக்கர் பிடித்து நடக்கவும் பழகவும். பழகிய வேலைக்குப் பயம் குறைவு.

4. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் விட வேண்டும். சர்க்கரை, ரத்தசோகை இருந்தால் முன்பே சரி செய்ய வேண்டும். பல் சொத்தை, ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டவும்.

5. அறப்பளீஸ்வரருக்கும் எட்டுக்கை அம்மனுக்கும் வேண்டிக்கொள்வது மனசுக்குப் பலம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் நாட்டு மருந்து சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சில மருந்து ரத்தம் நிற்காமல் போகச் செய்யும்.

குழு செய்ய வேண்டியவை

நம் மலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போவது என்பது, ஊரையே விட்டுப் போவது மாதிரி. ஆடு, மாடு, அடுப்பு, பேரப்பிள்ளை எல்லாம் மனசில் நிற்கும். பாதிப் பயம் ஆஸ்பத்திரியைப் பற்றியது என்றால், பாதி வீட்டைப் பற்றியது. இந்தப் பாதியைக் குழுவால் தீர்க்க முடியும்.

- ஆட்டைப் பார்ப்பது யார், வீட்டுக்குச் சோறு தருவது யார், ஆஸ்பத்திரியில் கூட இருப்பது யார் என்று பேர் போட்டு முறை வைத்துக்கொள்ளுங்கள். அதை அந்த அக்கா முன்னாலேயே முடிவு செய்யுங்கள்.

- முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. கார்டு இருக்கிறதா, போகிற மருத்துவமனையில் இந்த ஆபரேஷனுக்குச் செல்லுமா என்று 1800 425 3993 எண்ணில் முன்பே கேளுங்கள். பஸ் செலவு, கூட இருப்பவர் சாப்பாட்டுச் செலவுக்குக் குழுக் கடன் பற்றித் தீர்மானம் போடலாம்.

- ஏற்கனவே இந்த ஆபரேஷன் செய்தவர் பக்கத்து ஊரில் இருந்தால் கூட்டி வந்து பேச வையுங்கள். நாங்கள் பத்துத் தடவை சொல்வதை விட, அவர் எழுந்து நாலு அடி நடந்து காட்டினால் போதும்.

- பார்க்கப் போகிறவர்கள் "எங்க சித்திக்கு இப்படித்தான் ஆச்சு" என்று செத்த கதை சொல்லாதீர்கள். அழுதால் அழ விடுங்கள், கூட உட்காருங்கள்.

- வீட்டுக்கு வந்ததும் வேலை முடியவில்லை. ஆபரேஷன் ஆன மறுநாள் போலவே நிற்க, நடக்க வைப்பார்கள். ஆனால் இரண்டாம் மூன்றாம் வாரம் மறுபடி மனசு சோர்வது பலருக்கு உண்டு. அப்போதுதான் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் போங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள், அதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். உயரமான நாற்காலி, கக்கூஸுக்கு வைக்கும் ஓட்டை நாற்காலி இவற்றை முன்பே தயார் செய்து வையுங்கள்.

முடிவு அவளுடையது

எல்லாம் சொன்ன பிறகும் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். மகனோ, வீட்டுக்காரரோ, குழுவோ, நாங்களோ இல்லை. தேய்மானத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் மாத்திரை, பயிற்சி, கைத்தடியோடு பார்க்கிறேன் என்று டாக்டரிடம் பேசி முடிவெடுத்தால் அதுவும் சரியே. ஆனால் அந்த முடிவைப் பயம் எடுக்கக் கூடாது, விவரம் தெரிந்து அவள் எடுக்க வேண்டும்.

கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. நம் குழுவில் இடுப்பு வலியால் கூட்டத்துக்கு வராமல் இருப்பவர் யார்? கடைசியாக அவரை யார் போய்ப் பார்த்தோம்?
2. நமக்கு ஆபரேஷன் என்றால் முதலில் வருகிற பயம் எது? ஒவ்வொருவரும் ஒன்று சொல்லுங்கள்.
3. கூடப் போக, வீட்டைப் பார்க்க நம் குழுவில் யார் யார் தயார்? பேரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

எழுதிய பேர்களைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மற்ற நாட்டுக் குழுக்களுக்கும் அது வழிகாட்டியாக இருக்கும்.