கத்திரிக்குக் காத்திருக்காதீர்கள்: சன்ஸ்கிரீன் வாங்க இதுதான் நேரம்

பங்குனி பாதியைத் தாண்டிவிட்டது. மே 4ஆம் தேதி அக்னி நட்சத்திரம் பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சன்ஸ்கிரீனைத் தள்ளிப்போடுகிறவர்கள் நம்மில் அதிகம். அனல் அப்போதுதான் உச்சத்துக்குப் போகும், சரி. தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிரோ அனலுக்காகக் காத்திருப்பதில்லை. சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கன்னியாகுமரிக்கு நேர் உச்சியில் வரும் சூரியன், நான்காம் வாரத்தில் சென்னைக்கு மேலே வந்துவிடும். இப்போதே காலை ஒன்பதரையிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகத்தான் விழுகிறது. அந்த நேரத்தில் வெளியே போகிறவர் எவராக இருந்தாலும் இந்த வாரமே கடைக்குப் போய் வாங்கிவிடுவது நல்லது.

கடையில் எல்லோரும் முதலில் பார்ப்பது எஸ்.பி.எஃப். எண்ணை. தோலைச் சிவக்கவைத்து எரிச்சல் தரும் யூ.வி.பி. கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு அது. 30 என்றால் சுமார் 97 சதவீதம், 50 என்றால் 98 சதவீதம். அதற்கு மேலே போகப் போக எண்தான் ஏறுகிறது, பலன் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. நம் மாநிறத் தோலும் கருந்தோலும் வெயிலில் சிவந்து உரிவது குறைவு. கறுத்துப்போவதும் திட்டுத்திட்டாக நிறம் மாறுவதும்தான் நம் தொல்லை. அதில் பெரும்பங்கு யூ.வி.ஏ. கதிருக்கு. அதற்கான குறி, ஜப்பானில் 1996இல் தொடங்கி இங்கும் வழக்கத்துக்கு வந்துவிட்ட பி.ஏ. அளவு. பக்கத்தில் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது அச்சிடப்படாத ட்யூபில் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்றாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எஸ்.பி.எஃப். 100 ஆனாலும் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

யூ.வி.ஏ. கண்ணாடிக்குள்ளும் புகும். வருடக்கணக்கில் கார் ஓட்டுபவர்களின் இரண்டு முன்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஜன்னல் பக்கமிருக்கும் வலது கை பல சமயம் ஒரு படி கறுத்திருப்பது தெரியும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இனி, யாருக்கு எது. எண்ணெய் வழியும் முகம், பரு வரும் முகம் என்றால் ஜெல் அல்லது தண்ணீர்போல் லேசான லோஷன். உறையில் 'ஆயில் ஃப்ரீ', 'நான் கொமிடோஜெனிக்' என்று இருந்தால் நல்லது. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் பிசுபிசுக்கும் க்ரீமை இரண்டு நாள் பூசிவிட்டு மூன்றாம் நாள் மூலையில் போட்டுவிடுவோம் என்பதால், அங்கே சாதாரணத் தோலுக்கும் ஜெல்லைத்தான் சொல்வேன். வறண்ட தோலுக்கு க்ரீம். எதைப் பூசினாலும் அரிப்பெடுக்கும் தோலுக்கு ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு மட்டும் சேர்ந்த 'மினரல்' வகை, வாசனை சேர்க்காததாக. புதிதாக எதை வாங்கினாலும் முதலில் முழங்கையின் உட்புறம் இரண்டு மூன்று நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.

மினரல் வகையில் ஒரு சங்கடம் உண்டு. நம் நிறத்தில் அது திருநீறு பூசினாற்போல் வெளுத்துத் தெரியும். அதற்குப் பயந்து பொட்டளவு தொட்டுத் தடவுகிறவர்களுக்கு அதனால் பயனில்லை. தோல் நிறத்திலேயே வரும் 'டின்ட்டட்' வகையை வாங்கலாம். மங்கு உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கன்னத்திலும் நெற்றியிலும் படரும் அந்தப் பழுப்புத் திட்டை, கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியும் கூட்டிவிடும். டின்ட்டட் வகையில் நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு அந்த ஒளியையும் மறிக்கிறது. நிறமில்லாத மற்ற சன்ஸ்கிரீன்கள் பெரும்பாலும் மறிப்பதில்லை. கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் மங்கு தலைகாட்டுவது வழக்கம் என்பதால் அந்த நிலையில் இருப்பவர்களும் டின்ட்டட் வகையையே தேர்ந்தெடுக்கலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் 'மங்கு க்ரீம்' பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. சில வாரம் முகம் வெளுக்கும், பிறகு தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியத் தொடங்கும். தோல் மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொடாதீர்கள்.

எந்த வகையானாலும் அளவு குறைந்தால் ட்யூபில் போட்ட எண் உங்கள் தோலுக்குக் கிடைக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் வருவது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கானது. காதும் பின்கழுத்தும் பலரும் மறந்துவிடும் இடங்கள். இந்த அளவில் தினம் இருமுறை பூசினால் 50 கிராம் ட்யூப் மூன்று வாரத்தில் காலியாகும். உங்கள் வீட்டில் மூன்று மாதம் வருகிறதென்றால் யாரும் போதுமான அளவு பூசவில்லை என்று அர்த்தம். ஆகவே கட்டுப்படியாகிற விலையில் வாங்குங்கள். விலை உயர்ந்ததை வாங்கிச் சிக்கனமாகத் தடவுவதைவிட அது மேல்.

வெளியே கிளம்ப கால் மணி நேரம் முன்பு பூசி, வெயிலில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை மறுபடி பூச வேண்டும். வியர்வை கொட்டினால் அதற்கும் முன்பே. கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டுப் பூசுங்கள், தேய்க்க வேண்டாம். ஹெல்மெட் போடுகிறவர்களுக்கு நெற்றி வியர்வையோடு சன்ஸ்கிரீன் கண்ணில் இறங்கி எரியும். நெற்றிக்கும் கண்ணைச் சுற்றியும் மட்டும் மினரல் வகையைப் பூசினால் பெரும்பாலும் இந்த எரிச்சல் இருக்காது. வயல் வேலை, கட்டட வேலை செய்கிறவர்களுக்கு முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டும்தான் முதல் காப்பு, சன்ஸ்கிரீன் துணியில் மூடாத இடத்துக்கு. நனைந்த மெல்லிய துணி கதிரை இன்னும் அதிகமாக உள்ளே விடும் என்பதையும் கவனியுங்கள். சன்ஸ்கிரீன் பூசியதால் வெயில் மயக்கம் வராமல் இருக்காது. அதற்குத் தண்ணீரும் நிழலும்தான்.

மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் சன்ஸ்கிரீனை மூட்டையில் முதலில் வையுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் 10 சதவீதத்துக்குமேல் கூடும். ஊட்டி இருப்பது 2,200 மீட்டருக்கு மேல். குளிரில் வெயில் உறைப்பது தெரியாமல் ஏரிக்கரையில் நாள் முழுக்கத் திரிந்துவிட்டு முகம் கன்றி இறங்குவது இதனால்தான்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த சன்ஸ்கிரீனும் வேண்டாம், நிழலும் பருத்தித் துணியும் போதும். டாக்சிசைக்ளின், பருவுக்குத் தரும் ரெட்டினாய்டு, ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற மருந்துகள் எடுப்பவர்களுக்கு வெயில் சீக்கிரம் சுடும். மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். கருமை போக எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும் கறுப்புத் தழும்பும் மிஞ்சும்.

போன வருட ட்யூப் வீட்டில் இருந்தால் காலாவதித் தேதியைப் பாருங்கள். தண்ணீர் பிரிந்து வந்தாலோ வாடை மாறியிருந்தாலோ, அல்லது அது இத்தனை நாளும் பைக் பெட்டியிலோ கார் டாஷ்போர்டிலோ வெந்துகொண்டிருந்தாலோ, தேதி பாக்கி இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.