புறாவால் காடியும் துப்பாக்கிக் குறியும்

பிரௌனிங் என்பாரது அமைப்பைத் தழுவி வங்கத்து ஈசாப்பூர்த் தொழிற்சாலை செய்த 9 மில்லிமீட்டர்க் கைத்துப்பாக்கியின் பின்குறி, புறாவின் வால்போல் மேலே குறுகி அடியில் அகன்ற காடியிற் பொருந்தியிருக்கும். வாடிப்பட்டியிலேனும் மதுரையிலேனும் தச்சர் பெட்டியின் மூலைகளைப் பூட்டும் முறையும் இதுவன்றோ?

காடியின் சாய்வு ஒரு தொழிற்சாலையில் 60 பாகை, மற்றொன்றில் 65; அகலமும் ஒவ்வாது. ஆதலின் புதுக்குறி நுழையாதிருத்தலும், நுழைந்து ஆடுதலும் இயல்பே. நுழையாவிடின் அரத்தை எதன்மேல் வைப்பது? குறி கெட்டால் வேறொன்று வாங்கலாம். காடி கெட்டாலோ துப்பாக்கியின் உடலே கெட்டதாம். ஆகவே குறியின் அடியையே, ஒரு முகம் மழுக்கிய முக்கோண அரத்தாற் சிறிது சிறிதாகத் தேய்ப்பர். தளர்ந்திருப்பின் மெல்லிய பித்தளைத் தகடு இடுவர். 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி பழுதுபார்த்தற்கும் உரிமம் வேண்டுமாதலின், இவ்வேலை உரிமம் பெற்ற கம்மியர்க்கே உரியது.

காடி பொருந்தினும் உயரம் பொருந்தாதிருக்கலாம். முன்குறி உயர்ந்தாற் குண்டு தாழும் என்பது மாணவர்க்கு விந்தையாகத் தோன்றும். ஒத்த முக்கோணங்களை வரைந்து காண்க. இரு குறிகளின் இடைத்தூரம் 15 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். 25 மீட்டர்த் தொலைவிலுள்ள இலக்கிற் குண்டு 10 சென்டிமீட்டர் தாழப் பட்டால், 15-ஐ 10-ஆற் பெருக்கி 2500-ஆல் வகுக்க 0.06 வரும். முன்குறியிற் குறைக்கவேண்டியது 0.6 மில்லிமீட்டரே.