தூங்கிவிட்டு வண்டியை எடு

அன்புள்ள கயல்,

ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து வரும் வழியில் ஈஜோக் பக்கம் கண் சொக்கி, கார் ரோட்டோரப் புல்லில் இறங்கியதை அம்மா சொன்னாள். அதோடு, “உட்கார்ந்து படித்த பிள்ளைக்கு என்ன களைப்பு?” என்றும் கேட்டாள். அவள்மேல் கோபப்படாதே.

உன் பாட்டி பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒரு மரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கத்தி வைப்பார்கள். ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். மரத்துக்கு ஓய்வு உண்டு. பாட்டிக்கு மறுநாள் வேறு நிரை. அம்மா வளர்ந்த அந்த வீட்டில் களைப்பு என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நீயும் சொல்லாமல் இருக்கிறாய்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ‘பர்ன்அவுட்’ எனப்படும் இந்தக் களைப்பு நிலையை விளக்கியபோது, இதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் தீராமல் தொடரும் அழுத்தத்தின் விளைவு என்றது. மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையில் மனம் விட்டுப்போவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது. நோயாளியின் பெயர் மறந்து கட்டில் எண் மட்டும் உனக்கு நினைவிருக்கிறதா? இரண்டாவது வந்துவிட்டது.

2022 ஏப்ரலில் பினாங்கில் உன்னைப் போன்ற பயிற்சி மருத்துவர், ஒரு ஹவுஸ்மேன், இறந்த பிறகுதான், மருத்துவமனைகளின் வேலைப் பண்பாட்டை ஆராயச் சுகாதார அமைச்சு குழு அமைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 26-இல் ஒப்பந்த மருத்துவர்கள் வெளிநடப்பே செய்தார்கள். நீ தனியாள் இல்லை.

இனிச் சொல்வது எனக்கே கனமானது. நான் ஸ்பெஷலிஸ்ட்டாக இருந்தபோது ஒரு ஹவுஸ்மேனை நோயாளிகள் முன்னால் திட்டினேன். இரண்டு இரவு தூங்காமல் நின்றிருந்தேன். அது காரணம்தான், நியாயமில்லை. “நாங்கள் 36 மணி நேரம் நின்றோம்” என்றும் சொன்னேன். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். உன்னைத் திட்டும் மெடிக்கல் ஆபீசரும் தூங்காதவராக இருக்கலாம். அதற்காக அவமதிப்பை விழுங்காதே. தேதி, நேரம், சொன்ன சொல் எல்லாவற்றையும் எழுதி வை. நீ நம்பும் மூத்தவர் ஒருவரிடம் காட்டு. பயிற்சியில் எக்ஸ்டென்ஷன் கிடைத்தால் சில மாதம் போகட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. மனம் இருண்ட பக்கம் போனால் அந்த நிமிடமே 15555 மனநல உதவி எண்ணை அழை. எனக்கும் போன் அடி, எந்த நேரமானாலும்.

நைட் முடிந்தால் ஆன்கால் அறையில் படுத்துத் தூங்கிவிட்டுப் பிறகு வண்டியை எடு. இந்த ஞாயிறு நீ வர வேண்டாம். ஜெராமில் மீன் வாங்கிக்கொண்டு நாங்கள் வருகிறோம். அம்மாவிடம் பேசிவிட்டேன், நீ எழும்வரை கதவைத் தட்டமாட்டாள்.

அன்புடன்,
மாமா
புக்கிட் ரோத்தான்