செயலியில் மாந்தோப்பு, ரத்தத்தில் பார்டர் சுகர்

கேள்வி: என் கணவருக்கு வயது 44. போன மாஸ்டர் செக்கப்பில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி) 6.1 வந்தது. "பார்டர்லதான் இருக்கு, இப்பவே விழிச்சுக்கிட்டா மாத்திரை இல்லாமலே பார்த்துக்கலாம்" என்று சொல்லி, மருத்துவமனையில் ஆறு மாதத் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மொபைலில் ஒரு விளையாட்டையும் போட்டுக் கொடுத்தார்கள். நடந்தால் புள்ளி, பலகாரத்தைத் தவிர்த்தால் புள்ளி. புள்ளி சேரச் சேரத் தோட்டம் வளரும். முதல் மாதம் ராத்திரி பதினோரு மணிக்குக்கூட மொட்டை மாடியில் நடந்தார், தோட்டத்துக்கு மாமரம் வாங்க வேண்டுமாம்! இப்போது அதைத் திறப்பதே இல்லை. வகுப்புக்கும் போவதில்லை. கேட்டால், "அதான் மாமரம் வாங்கியாச்சே" என்கிறார். இந்த விளையாட்டெல்லாம் உண்மையிலேயே பயன் தருமா, டாக்டர்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மரம் காய்ப்பதற்குள் தோட்டக்காரர் கிளம்பிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள், உலகமே அப்படித்தான் நடந்துகொண்டது. 2016இல் போக்கிமான் கோ வந்தபோது தெருத்தெருவாக மக்கள் மொபைலும் கையுமாக அலைந்தது நினைவிருக்கும். அமெரிக்காவில் அதை விளையாடிய இளைஞர்களின் நடையை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். முதல் வாரத்தில் நாளுக்குச் சராசரியாக 955 காலடி கூடியிருந்தது. ஆறாவது வாரத்தில் பழைய கணக்குக்கே திரும்பிவிட்டார்கள். உங்கள் வீட்டு மாந்தோப்பின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

பிறகு எதற்கு மருத்துவமனைகள் விளையாட்டைக் கையில் எடுக்கின்றன? பார்டர் சுகர் வலிக்காது. தலைவலி என்றால் மாத்திரையைத் தேடுவோம், ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருப்பவருக்கு அனேகமாக ஒரு தொந்தரவும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக ஒரு மனிதர் ஆறு மாதம் வகுப்புக்கு வர வேண்டும் என்றால் அது சாதாரண விஷயமில்லை. வந்தால் பலன் உண்டு. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இரண்டே இலக்குகள். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. நம் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் உணவு, உடற்பயிற்சி மாற்றங்களால் மட்டும் 28.5 சதவீதம் குறைந்தது. அங்கே 58 என்று கேட்டுவிட்டு 28 என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். நம்மவர்களுக்கு ஒல்லியாக இருக்கும்போதே சுகர் ஏறுகிறது. எதிரி கொஞ்சம் பலசாலி.

ஆனால், வகுப்புக்கு வராதவருக்கு எந்தத் திட்டமும் வேலை செய்யாது. அமெரிக்காவின் தேசியச் சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்ந்த 14,747 பேரின் விவரத்தை 2017இல் வெளியிட்டார்கள். ஒரு வகுப்பு கூடுதலாக வந்தவருக்கு எடையும் கூடுதலாகக் குறைந்திருந்தது. அதனால், வகுப்பில் நீடிப்பதே பாதி மருந்து. விளையாட்டைக் கொண்டுவந்தது அந்த நீடிப்புக்காகத்தான்.

சரி, எப்படிப்பட்ட விளையாட்டு ஆளைப் பிடித்துவைக்கும்? என்னைக் கேட்டால், தோட்டம் வளர்ப்பது, பூதத்தை அடக்குவது எல்லாம் பொம்மை வேலை. எனக்குப் பிடித்தது 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. 94 குடும்பங்கள், 200 பேர். திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 70 புள்ளிகளைச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். தினமும் குடும்பத்தில் ஒருவர் பெயரைக் குலுக்கி எடுப்பார்கள். முந்தைய நாள் அவர் தன் இலக்கை நடந்திருந்தால் புள்ளிக்கு ஆபத்தில்லை. நடக்காவிட்டால் மொத்தக் குடும்பத்துக்கும் 10 புள்ளி போச்சு. பரிசுப் பணம் கிடையாது. 12 வாரத்தில் இவர்கள் நாளுக்கு 1,661 அடி கூடுதலாக நடந்தார்கள். விளையாட்டு இல்லாத குடும்பங்கள் 636 அடிதான். ஆட்டம் முடிந்த பிறகான 12 வாரங்களில் வித்தியாசம் குறைந்தது, ஆனால் அழிந்துபோகவில்லை.

பாருங்கள், இதில் பூதமும் இல்லை, மாமரமும் இல்லை. கையில் இருப்பது போய்விடுமே என்ற பதைப்பு ஒன்று. "என்னால் வீட்டுக்குக் கெட்ட பெயர்" என்ற கூச்சம் இன்னொன்று. இரண்டும் நம் வீடுகளில் தாராளமாகக் கிடைக்கும் சரக்கு.

அதற்காக விளையாட்டே வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். இதே வகை ஆட்டத்தை ஏற்கெனவே சர்க்கரை நோய் வந்த 361 பேரிடம் ஒரு வருடம் சோதித்த முடிவு 2021இல் வந்தது. போட்டி போட்டவர்களும், வீட்டிலோ நட்பிலோ ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டவர்களும் நாளுக்கு ஐந்நூறு, அறுநூறு அடி கூடுதலாக நடந்தார்கள். ஆனால் எடையிலும் ஹெச்பிஏ1சியிலும் மற்றவர்களைவிடப் பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை. அடியை எண்ணும் கருவி தட்டை எண்ணுவதில்லை. மாடியில் ஆறாயிரம் அடி நடந்துவிட்டு, கீழே வந்து சால்னா ஊற்றி நாலு பரோட்டா சாப்பிட்டால் செயலிக்கு அது தெரியவா போகிறது?

ஆகவே அந்தச் செயலியை விட்டுத்தள்ளுங்கள். வாரத் தொடக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஏழு புளியங்கொட்டை போடுங்கள். வீட்டில் எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதுங்கள், உங்கள் மாமியார் பெயர் உட்பட. தினமும் ராத்திரி ஒரு சீட்டு. அன்று அந்த ஆள் அரைமணி நேரம் நடந்து, ராத்திரிச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்திருந்தால் கொட்டை கிண்ணத்திலேயே இருக்கும். இல்லையென்றால் ஒன்று வெளியே. வயதானவர்களுக்கு அவரவர் முட்டிக்கு ஏற்ற இலக்கு வையுங்கள். ஞாயிறு காலையில் உங்கள் கணவரை எடை மெஷினில் நிறுத்துங்கள். அவர் எடை 80 கிலோ என்றால் குறைக்க வேண்டியது சுமார் ஐந்தரை கிலோ. மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி மறுபடி பாருங்கள். முதலில் அடுத்த வகுப்புக்கு நீங்களும் கூடவே போங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் சுகரைத் தடுக்கிறோம் என்று மொபைலில் ஸ்டெப்ஸ் போட்டி நடத்துகிறார்கள். என் நண்பர் மொபைலைக் குழந்தையின் தொட்டிலில் போட்டு ஆட்டியே முதலிடத்தில் இருக்கிறார். இதெல்லாம் தேவையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: குழந்தையாவது நன்றாகத் தூங்கும்! போட்டியைக் குறை சொல்ல மாட்டேன். 602 அலுவலக ஊழியர்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், ஆட்டம் முடிந்த பிறகும் நடையைத் தக்கவைத்துக்கொண்டது போட்டி போட்ட குழு மட்டும்தான். உங்கள் அலுவலகத்தின் தவறு, யார் அதிகம் நடந்தார் என்று பார்ப்பது. தினமும் 3,000 அடி நடப்பவர் 4,500 நடந்தால் அவருக்குத்தான் புள்ளி தர வேண்டும். பரிசுப் பணம் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், தொட்டில் தானாக நின்றுவிடும். இன்னொன்று: முதலில் பணம் கட்டு, நடந்து ஜெயித்தால் இரட்டிப்பு என்று ஏதாவது செயலி கேட்டால் அன்றே அழித்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 52, தையல் தொழில். பார்டர் சுகர். ஸ்மார்ட்போன் மகனிடம்தான் இருக்கிறது. என்னிடம் பட்டன் போன். இந்த விளையாட்டு வசதியெல்லாம் எனக்குக் கிடையாதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்களுக்குத்தான் நம்மூர் ஆதாரமே இருக்கிறது, ஐயா. அதே ராமச்சந்திரன் குழு, வேலைக்குப் போகும் 537 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தது. 35 முதல் 55 வயது வரை, எல்லோரும் உங்களைப் போல் சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள். பாதிப் பேருக்கு ஆலோசனை மட்டும். மீதிப் பேருக்கு ஆலோசனையோடு அடிக்கடி எஸ்எம்எஸ். புள்ளி, பதக்கம் ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்தில் ஆலோசனை மட்டும் கேட்டவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. எஸ்எம்எஸ் வந்தவர்களில் 18 சதவீதம். 2013இல் வெளியான முடிவு இது. பட்டன் போன் போதும்.

மகனிடம் சொல்லுங்கள், தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு வரி அனுப்பட்டும்: "அப்பா, மெஷின்ல உட்காரும் முன்னாடி பத்து நிமிஷம் நடந்தீங்களா?" நடக்காவிட்டால் இல்லை என்றே பதில் போடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் பரிசோதனை இலவசம். போகும்போது வெறும் வயிற்றில் போங்கள்.